விரிசலுக்குள் போன தண்ணீர்

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்த அந்தப் பெண், “ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மூச்சு விடுவதுபோல் சொல்லப்படும் வார்த்தை அது. பிள்ளைக்கு ஜுரம் என்றால் ஒண்ணும் ஆவாது. மாதனூர் திருப்பத்தில் கம்பெனி பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒண்ணும் ஆவாது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவரிடமும் அதைத்தான் சொல்லி அனுப்புவோம். அவள் மட்டும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, “தெரியலக்கா, பாக்கணும்” என்பாள். இயல்பிலேயே பயந்தவளான எனக்கு அந்தப் பதிலைக் கேட்கவே பிடிக்காது.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். நெமிலிப் பக்கம் விவசாயக் குடும்பம். வேலூரை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பூமிக்கு அடியில் இருக்கும் பாறையை, தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்திப் பிளக்கிறார்கள் அல்லவா, அப்போது அந்தத் தண்ணீரும் அதோடு அனுப்பும் மணலும் விரிசலுக்குள் எப்படி ஓடுகின்றன, எங்கே போய் நிற்கின்றன என்பதுதான் அவள் படிப்பு. வெளிநாடுகளில் எரிவாயு எடுக்க இப்படிச் செய்கிறார்களாம். எங்கள் ஊர்களில் வற்றிப்போன போர்வெல்லில் தண்ணீர் வரவழைக்கச் செய்கிறார்கள். அதைக் கிட்டத்தில் இருந்து பார்க்கலாம் என்றுதான் ஆம்பூர் பக்கம் வீடு தேடி வந்தாள்.

வாடகை பேச வந்த அன்றே என் கணவர் அவளைச் சீண்டினார். “இன்னா படிக்கிறீங்க டீச்சரம்மா?”

“மணல் எங்க போய் நிக்குதுன்னு படிக்கிறேன் சார்.”

“அதுக்கா இவ்ளோ படிப்பு? பாலாத்துல போய்ப் பாருங்க. எங்கயும் நிக்கல, எல்லாம் லாரியில போய்டுச்சு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, “லாரியில ஏத்தறப்ப ஈர மணலா, காஞ்ச மணலா சார்?” என்று கேட்டாள். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மாடி அறையில் அவள் வைத்திருந்த சாமான்களில் முக்கால்வாசி கண்ணாடியும் ரப்பர் குழாயும். இரண்டு பெரிய கண்ணாடிப் பலகைகளை, நடுவில் ஓர் அரிசி நுழையும் அளவு இடைவெளி விட்டு இறுக்கி நிற்க வைத்திருந்தாள். அந்த இடைவெளிதான் பாறையின் விரிசல். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசினைக் கரைத்துத் தண்ணீரைக் கஞ்சிபோல் கெட்டியாக்கி, அதில் சிவப்புச் சாயம் ஏற்றிய மணலைக் கலந்து ஒரு பக்கத்திலிருந்து செலுத்துவாள். தண்ணீர் சரசரவென்று மறு முனைக்குப் போய்விடும். மணல் வாசல் பக்கத்திலேயே படிந்து சின்ன மேடு கட்டும். மேடு உயர உயர, மேலே கிடைத்த சந்தில் தண்ணீர் வேகமாக ஓடி, மேட்டின் தலையைச் சுரண்டி நாலு மணலை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போடும். அதை மணிக்கணக்கில் செல்போனில் படம் எடுப்பாள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தால் குடிக்க மறந்து ஆடை கட்ட விடுவாள்.

“தண்ணி எவ்ளோ தூரம் போகும்னு சொல்றதே கஷ்டம்க்கா. மணல் எதுவரைக்கும் போகும்னு சொல்றது அதைவிடக் கஷ்டம். மணல் நிக்கிற இடம் வரைக்கும் விரிசல் திரும்ப மூடாது. அப்புறம் அந்த வழி நிரந்தரமா இருக்கும்.”

எதைப் பார்த்தாலும் அவளுக்கு இதே நினைப்பு. காலையில் ஷூ கம்பெனி வாசலில் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும்போது நானும் இறங்குவேன். பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் வேலை எனக்கு. ஒருநாள் கல்லூரிக்குப் போகாமல் எங்கள் கேட்டுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். என்னவோ ஏதோ என்று ஓடினேன். “ஒண்ணுமில்லக்கா, சும்மா பாக்கறேன். ரெண்டு பொண்ணுங்க கேட் நடுவுல நின்னு பூ வெச்சிக்கிட்டாங்க, பின்னாடி நூறு பேரு நின்னுட்டாங்க பாருங்க. விரிசல் வாய்ல ரெண்டு மணல் கை கோத்துக்கிட்டா அப்படித்தான் அடைச்சுக்கும்.” அவள் கிளறும் உப்புமாவும் இப்படித்தான். ரவை எங்கே கட்டி தட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள், கரண்டியை எடுக்க மாட்டாள். அடி பிடித்த வாசனை கீழே வரை வரும்.

அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டால். என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கம்பெனியில், தெருவில், சொந்தத்தில் எல்லோரும் வழக்கம்போல் தைரியம் சொன்னார்கள். அவள் ரிப்போர்ட்டை வாங்கி முழுவதும் படித்தாள். “இது இன்னான்னு எனக்குத் தெரியாதுக்கா. நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். நானும் வர்றேன்.” நான் அன்று முழுவதும் சோறு இறங்காமல் கிடந்தேன். ஆனால் மறுநாள் லீவு போட்டுக்கொண்டு என்னோடு வந்தது அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று மணி நேரம் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாதாரணக் கட்டிதான் என்று தெரிந்ததும், “பாத்தியா, எல்லாரும் சொன்ன மாதிரியே ஆச்சு” என்றேன், கொஞ்சம் குத்தலாக.

“ஆமாக்கா. இப்போ தெரியுது. நேத்து அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல.”

எங்கள் வீட்டு போர் வற்றியது அதற்கு அடுத்த கோடையில். லாரித் தண்ணீரும் கேன் தண்ணீருமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். மகளுக்கு ஏழாம் மாதம். குடியாத்தத்தில் கைலி நெய்யும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? வளைகாப்பு முடிந்ததும் அழைத்து வர வேண்டும். என் கணவர் பாறையைப் பிளக்கும் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

அவள் கீழே இறங்கி வந்து என் கணவரிடம் நேராகவே பேசினாள். எங்கள் வீட்டிலிருந்து நாலு மனை தள்ளி, மூடிக் கிடக்கும் பழைய டேனரி ஒன்று உண்டு. தோல் பதனிட்ட கழிவுத் தண்ணீரைத் தேக்கிய குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். “பாறை எந்தப் பக்கம் பலவீனமா இருக்கோ அந்தப் பக்கம் பொளக்கும் சார். அது குழிப் பக்கமா இருந்தா, அந்தத் தண்ணி உங்க போருக்கு வழி கண்டுபுடிச்சிடும். ஒரு மாசம் டைம் குடுங்க. சாயம் ஊத்திப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.”

“பத்து நாள்ல வளைகாப்பு டீச்சரம்மா. புள்ளத்தாச்சிய கூட்டியாந்து லாரித் தண்ணில குளிக்க வெக்கச் சொல்றீங்களா? சும்மா பேஜார் பண்ணாதீங்க.”

நான் நடுவில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் காலிக் குடங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

வண்டி வந்தது. குழாயின் நுனியில் ரப்பர் அடைப்பானைக் கட்டி இறக்கி, அதற்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீரை அடித்தார்கள். வீட்டுத் தரை அதிர்ந்தது. வண்டிக்காரர் மூட்டை மூட்டையாக மணலையும் சேர்த்து அனுப்பினார். “மணல் போட்டு அடிச்சாதான் வாய் மூடாதும்மா. ரெண்டு தலைமுறைக்குத் தண்ணி வரும்.”

“எந்த அளவு மணல்? சலிச்சதா?” என்றாள் அவள்.

“இன்னா மேடம், பணியாரமா சுடறோம் சலிச்சுப் போட?”

“சரி, எந்தப் பக்கம் பொளந்திருக்கும்?”

“அது பாறைக்குத்தான் தெரியும்.”

தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் அறுத்தோம். தெருவே வந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தது. எங்கள் ஊரில் தண்ணீரை நாக்கால்தான் சோதிப்போம். டேனரித் தண்ணீர் கலந்தால் உப்புக் கரிக்கும். கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். இது கரிக்கவில்லை. “கல்கண்டு மாதிரி இருக்கு” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“புதுத் தண்ணியோட கலந்து வந்தா உப்பு நாக்குல தெரியாதுக்கா. உப்பு இல்லாமலும் குரோமியம் இருக்கலாம், தோல் பதனிடப் போடற விஷம் அது. நான் சொல்றவரைக்கும் குடிக்க வேணாம். குளிக்க, துவைக்க வெச்சிக்கோங்க” என்றாள் அவள் என்னிடம்.

இரண்டு நாள் கழித்து டேனரி வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனாள். குழி ஓரத்தில் பயன்படாமல் கிடந்த பழைய போர் குழாயில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாள். நான் பக்கெட் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். “இன்னா மேடம், பூமிக்குக் கலர் சோடா குடுக்கறீங்களா?” என்றார் வாட்ச்மேன். அந்தச் சாயத்தால் கெடுதல் உண்டா என்று நான் கேட்டதற்கு, “இந்த அளவுல கெடுதல்னு இதுவரைக்கும் யாரும் கண்டுபுடிக்கல” என்றாள். அதற்கும் ஒரு முழு ‘இல்லை’ கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நீல வெளிச்சம் தரும் டார்ச்சை அதில் அடித்துப் பார்ப்பாள். சாயம் துளி இருந்தாலும் ஒளிருமாம். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். “இன்னிக்கு இல்லக்கா” என்று வெளியே வருவாள்.

“எத்தனை நாள் வரலன்னா நல்ல தண்ணின்னு சொல்லுவ?”

“நாப்பது நாள் பாக்கலாம்.”

“அப்புறம் பயம் இல்லையே?”

“கம்மி ஆகும்க்கா.”

ஐந்தாம் நாள் மகள் வந்தாள். வந்ததிலிருந்து கேன் தண்ணீரைக் குடித்தால் குமட்டல். பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கிறது என்று டம்ளரைத் தள்ளிவிடுவாள். உதடு வெடித்துக் கிடந்தது. கர்ப்பிணி தண்ணீர் குடிக்காமல் இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. ஏழாம் நாள், கொஞ்சம் துவரம்பருப்பை அந்த போர்த் தண்ணீரில் போட்டு வேகவைத்துப் பார்த்தேன். கெட்ட தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. நான் பி.காம். படித்தவள். தினமும் நூற்றுக்கணக்கான ஷூ பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துச் சரி என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். அந்தப் பருப்பைப் பார்த்து என் மனசுக்குள் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டேன்.

மகள் அவ்வளவு சுலபத்தில் நம்பவில்லை. “மிஸ் குடிக்கக் கூடாதுன்னாங்களாமே?” என்றாள். மாடிப் பெண்ணின் கண்டிப்பு அவளுக்குத் தெரியும்.

“அவங்க டெஸ்ட் பண்ணிட்டாங்கம்மா. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. குடி.”

யார் சொன்னதாகச் சொன்னால் அவள் குடிப்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பெயரை எடுத்தேன். மகள் ஒரு சொம்பை அப்படியே அண்ணாந்து குடித்தாள். நெஞ்சு குளிர்ந்தது என்றாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் குளிர்ந்தது.

பன்னிரண்டு நாள் கொடுத்தேன். மாடியிலிருந்து காலடிச் சத்தம் கேட்டால் சொம்பை முந்தானையால் மூடிக்கொள்வேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் குளியலறைக்குள்ளிருந்து, “அக்கா, உள்ள வாங்க” என்று குரல் வந்தது. இருட்டில் டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில், பாட்டிலுக்குள் இளம் வாழைக்குருத்து நிறத்தில் ஏதோ மினுங்கியது. அழகாகக்கூட இருந்தது.

“வழி இருக்குக்கா. தோட்டத்துக்குக்கூட இந்தத் தண்ணிய விடாதீங்க. இன்னிக்கே லேபுக்கு அனுப்பறேன்” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். மகள் ஹாலில் நின்றிருந்தாள். வயிற்றில் கை.

“அதத்தானே மிஸ் நான் குடிச்சிக்கிட்டு இருக்கேன்? நீங்கதானே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை, அடுத்த நொடி எல்லாம் புரிந்துவிட்டது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். ‘ஆமாம்’ என்று ஒரு சொல், அல்லது சும்மா ஒரு மௌனம், அது போதும் எனக்கு.

“நான் அப்படிச் சொல்லலம்மா” என்றாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். “அம்மா?”

மாடிப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து பையிலிருந்து பேப்பரை எடுத்தாள். “எத்தனை நாள்க்கா? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்? எந்த டம்ளர்? அதை எடுத்துட்டு வாங்க.” என் கையிலிருந்து டம்ளரை வாங்கி அளந்தாள். பன்னிரண்டு நாள், நாளுக்கு எட்டு டம்ளர் என்று எழுதினாள். சமையலுக்கு எது, ரசத்துக்கு எது என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். மகள் எதிரில் நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அந்த அரை மணி நேரம் அவளை நான் வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை.

அன்று மதியமே எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அந்தப் பேப்பரை டாக்டரிடம் கொடுத்து, தன் பெயரும் கையெழுத்தும் போட்டாள். ரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்குக் கவலைப்படும்படி இல்லை, குழந்தை பிறந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். லேபுக்கு அனுப்பிய தண்ணீரில் குரோமியம் இருந்தது, இருக்கக்கூடிய அளவைவிட ஜாஸ்தி.

மகள் புருஷனுக்கு போன் போட்டு வரவழைத்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் பாதியில் மாமியார் வீட்டுக்குத் திரும்பினால் ஊர் என்ன பேசும் என்று என் கணவர் கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. மாடிப் பெண்தான் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தாள். ஆட்டோ போனதும் கேட்டில் வைத்தே கேட்டேன்.

“ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா உனக்கு இன்னா நஷ்டம்? என் பொண்ணு என்கூட இருந்திருப்பா.”

“சொல்லியிருந்தா நீங்க டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டீங்கக்கா.”

அவள் கண் கலங்கியிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன். மறு வாரம் போரில் சிமென்ட் ஊற்றி அடைத்தோம். அன்றும் வந்து கடைசி வரை நின்று பார்த்தாள். பிறகு கையில் காலி பாட்டில்களோடு, “பக்கத்து வீட்டுத் தண்ணியையும் பாக்கணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்களும் வாங்க” என்றாள். ஏழு வீட்டுக்குப் போனோம். ஏழு வாசலிலும் நின்று நான் செய்ததைச் சொன்னேன். இரண்டு வீட்டில் பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள். கல்கண்டு என்று சொன்னவர் கேட்டைச் சாத்திவிட்டார்.

அடுத்த ஜூனில் வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கண்ணாடிப் பலகைகளைப் போர்வையில் சுற்றி ஏற்றும்போது நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. எத்தனையோ தடவை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன். பேத்திக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. நடக்கிறாள், பேசுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு ரத்தம் எடுக்கும் வாரத்தில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தள்ளி நின்றுதான் பார்த்தேன். மகள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் மனசு கேட்காமல், பழத்தை வாங்கிக்கொண்டு நானே குடியாத்தம் போனேன். தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மாள் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மறு கையில் ஆஸ்பத்திரி ஃபைல். அதை என் பக்கத்தில் வைத்தாள். கடைசி ரிப்போர்ட்டைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்துத் திறந்தேன். முதல் தாளே மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிய அந்தப் பேப்பர். நாளுக்கு எட்டு டம்ளர் என்பதை அடித்துவிட்டு, மேலே மகளின் கையெழுத்தில் பத்து என்று இருந்தது. பக்கத்தில் தேதி, கையெழுத்து.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“நீ தூங்கினப்புறம் நானே எழுந்து போய் ரெண்டு டம்ளர் குடிப்பேன். அது உனக்குத் தெரியாது” என்றாள். “மிஸ்ஸுக்கு போன் பண்ணிச் சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

தறிச் சத்தத்தில் அதற்குமேல் ஏதாவது சொன்னாளா என்று தெரியவில்லை. குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“நல்லா சாஞ்சு உக்காரு. கழுத்து இன்னும் சரியா நிக்கல, தலையக் கெட்டியாப் புடிச்சிக்கோ” என்று என் மடியில் வைத்தாள்.